கார் இன்சூரன்ஸில் தள்ளுபடி: எங்கே கேட்கலாம், எங்கே கேட்டுப் பயனில்லை

கார் வாங்கும் வருடம் இன்சூரன்ஸைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஆன்ரோடு விலையோடு சேர்த்து ஷோரூமிலேயே கட்டிவிடுகிறோம். அடுத்த வருடம் ரின்யூவல் எஸ்.எம்.எஸ். வரும்போதுதான் தொகை கண்ணில் படுகிறது. உடனே ஏஜென்ட்டுக்கு போன் போட்டு, "கொஞ்சம் பார்த்துக் குறைச்சுக் குடுங்க" என்கிறோம். அவரும் குறைத்துத் தருகிறார். எதைக் குறைத்தார் என்று நாம் கேட்பதில்லை. பல சமயம் குறைந்திருப்பது விலை இல்லை, காப்பீடுதான்.

முதல்முறை கார் வாங்கியவர்களையும், இதுவரை அப்பாவோ அண்ணனோ பார்த்துக்கொண்ட வேலையை இப்போது கையில் எடுத்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சொந்த உபயோகக் கார்கள் பற்றி மட்டும்தான். டாக்ஸி, சரக்கு வண்டிக்கெல்லாம் கணக்கு வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நல்ல மார்க் வாங்கும் மாணவனுக்குத் தள்ளுபடி உண்டாமே, டிரைவிங் கோர்ஸ் முடித்தால் குறைப்பார்களாமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த ஊர் வழக்கம். நம் நாட்டில் பிரீமியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டிதான்: அதன் சி.சி., வயது, மதிப்பு, பதிவான ஊர். சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற எட்டுப் பெருநகரங்கள் 'ஏ' மண்டலம், மற்றவை 'பி' மண்டலம் என்பது பழைய மோட்டார் கட்டண விதிகளில் வந்த பிரிவு. நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது பெரும்பாலும் க்ளெய்ம் வழியாகத்தான் கணக்கில் ஏறுகிறது.

முதலில் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

உங்கள் பாலிசி பி.டி.எஃப்.ஐத் திறந்து பிரீமியக் கட்டத்தைப் பாருங்கள். இரண்டு பத்தி இருக்கும். ஒன்று ஓன் டேமேஜ், அதாவது உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கானது. இன்னொன்று தேர்டு பார்ட்டி, உங்கள் காரால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது. கீழே ஆட்-ஆன்கள், அதாவது கூடுதல் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளும் காப்பீடுகள். கடைசியில் 18% ஜி.எஸ்.டி.

தேர்டு பார்ட்டி பத்தியில் பேரம் பேச இடமே இல்லை. அந்தத் தொகையை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு ரூ. 2,094, 1000 முதல் 1500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே தொகைதான். "எங்களிடம் தேர்டு பார்ட்டி குறைவு" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வேறு எதையும் வாங்காமல் இருப்பது நல்லது. சலுகை உண்டென்றால் அதுவும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது: மின்சாரக் காருக்கு 15%, ஹைபிரிட் காருக்கு 7.5%.

ஆக, நாம் கை வைக்கக்கூடிய இடம் ஓன் டேமேஜ் பத்தியும் ஆட்-ஆன்களும்தான்.

பெரிய தள்ளுபடி ஒன்றே ஒன்றுதான்: என்.சி.பி.

நோ க்ளெய்ம் போனஸ். ஒரு வருடம் முழுக்க க்ளெய்ம் போடாமல் இருந்தால் அடுத்த ரின்யூவலில் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20% குறையும். இரண்டு வருடம் என்றால் 25%, மூன்று 35%, நான்கு 45%, ஐந்து வருடமும் அதற்கு மேலும் 50%. மற்ற எல்லாத் தள்ளுபடியையும் கூட்டினாலும் இதன் பக்கத்தில் வருவது கஷ்டம். அதனால் இதைச் சேர்ப்பதைவிட, சேர்த்ததைக் காப்பாற்றுவதில் கவனம் வேண்டும். ஒரே ஒரு க்ளெய்ம் போதும், 50% பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

இழக்கும் இடம் பெரும்பாலும் ஒர்க்ஷாப் வாசல்தான். பார்க்கிங்கில் தூணில் இடித்து பின் பம்பர் கிழிந்திருக்கும். சர்வீஸ் அட்வைசர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார், உங்களுக்குச் செலவே இல்ல" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இன்றைக்குச் செலவு இல்லை என்கிறார், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பம்பர் ரூ. 5,000, பெயிண்டிங் ரூ. 4,000, மொத்தம் ரூ. 9,000 என்று எஸ்டிமேட் வருகிறது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ஆட்-ஆன்) இல்லாத சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள், ரூ. 2,500 போயிற்று. பெயிண்டிங்கில் பொருளுக்கான பங்கை நான்கில் ஒன்றாக வைத்து, அதில் பாதியைக் கழிப்பது வழக்கம். அது ரூ. 500. பிறகு கட்டாய டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே போட வேண்டிய தொகை, 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ரூ. 1,000. கம்பெனி கொடுப்பது ரூ. 5,000.

இப்போது இழப்பைப் பாருங்கள். தள்ளுபடிக்கு முன் உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ. 10,000 என்று வையுங்கள். ஏற்கெனவே 50% படியில் இருப்பவர் க்ளெய்ம் போட்டால், அடுத்த ஐந்து வருடங்களில் 50-க்குப் பதில் அவருக்குக் கிடைப்பது 0, 20, 25, 35, 45. கைவிட்டுப் போவது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125%. அதாவது ரூ. 12,500, ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ. 14,750. ஐயாயிரம் வாங்குவதற்காக!

முதல் வருடத்திலேயே க்ளெய்ம் போடும் புதுக்காரருக்கு அடி குறைவு. இதே முறையில் கணக்கிட்டால் அவருக்கு மொத்தம் 50%தான் போகும்: ரூ. 5,000, வரியோடு ரூ. 5,900. அப்போதும் கை நஷ்டம்தான். கார் பழசாக ஆக பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் இந்தத் தொகைகள் கொஞ்சம் குறையலாம். ஆனால் திசை மாறாது. ஜீரோ டெப் இருந்தால் கம்பெனி ரூ. 8,000 கொடுக்கும். அப்போது புதுக்காரர் க்ளெய்ம் போடுவதில் நியாயம் உண்டு, 50% படியில் இருப்பவருக்கு அப்போதும் இல்லை.

எனவே வண்டி அடிபட்டால் இந்த வரிசையில் போங்கள். முதலில் எஸ்டிமேட் வாங்குங்கள். தேய்மானமும் டிடக்டிபிளும் போகக் கம்பெனி எவ்வளவு தரும் என்று அட்வைசரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும். பாலிசியில் இருக்கும் என்.சி.பி. சதவீதத்தைப் பாருங்கள். கிடைப்பதைவிட இழப்பது அதிகமென்றால் கைக்காசு போட்டுச் சரி செய்துவிடுங்கள். வெளியே நல்ல டிங்கரிங் கடையில் பம்பரை மாற்றாமலே பிளாஸ்டிக் வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத் தருவார்கள். இன்னும் மிச்சம். இந்தக் கணக்கை அதிக நாள் இழுக்க வேண்டாம், க்ளெய்ம் போடுவதென்றால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை.

இதெல்லாம் நம் வண்டி மட்டும் கீறலோடு தப்பிய சின்னச் சேதத்துக்குத்தான். யாருக்காவது காயம், பிறர் சொத்துக்குச் சேதம் என்றால் கணக்கு பார்க்காதீர்கள். போலீசுக்கும் கம்பெனிக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

என்.சி.பி. புரொடெக்ட் என்று ஒரு ஆட்-ஆன் உண்டு. வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம் வரை படி இறங்காது என்பார்கள். 45, 50% படிக்கு வந்தவர்களுக்கு, ஆட்-ஆன் விலை சின்னதாக இருந்தால், பார்க்கலாம். 20% படியில் இருப்பவர் வாங்குவது வீண்.

போனஸ் உங்களுக்குச் சொந்தம், காருக்கு இல்லை

நிறையப் பேர் காசை விடும் இடம் இதுதான். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதுக் கார் எடுக்கும்போது, பழைய பாலிசியில் ஏறியிருந்த 50% அப்படியே மறந்துபோகிறது. புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம்தான் மிக அதிகமாக இருக்கும். அதில் பாதி என்றால் சும்மாவா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய கார் கைமாறியதும் ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான ஆதாரம், விற்பனை ரசீது, பாலிசி நகல் இவற்றைக் கொடுத்து பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்.சி.பி. சான்றிதழ் கேளுங்கள். என்.சி.பி. ரிசர்விங் லெட்டர் என்றும் சொல்வார்கள். மூன்று வருடம் வரை செல்லும். அதாவது இடையில் கொஞ்ச நாள் கார் இல்லாமல் இருந்தாலும் போனஸ் போய்விடாது. புதுக் கார் புக் பண்ணும்போது ஷோரூம் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் அந்தக் கடிதத்தை நீட்டுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

கல்ஃபிலோ சிங்கப்பூரிலோ வருடக்கணக்கில் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டிவிட்டு ஊர் திரும்புபவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த நாட்டுக் கம்பெனியிடம் க்ளெய்ம் இல்லை என்று கடிதம் வாங்கி வந்து, அந்த பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே பாலிசி எடுத்தால், அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று மோட்டார் கட்டண விதிகளிலேயே உண்டு. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மேலே கேளுங்கள். கிளம்பி வருவதற்கு முன்பே கடிதத்தை வாங்கிக்கொள்வதுதான் முக்கியம், இங்கே வந்தபின் மெயில் போட்டு வாங்குவது பெரும்பாடு.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்கு இதன் மறுபக்கம். விற்றவரின் 50% உங்களுக்கு வராது. கார் கைக்கு வந்த 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அப்போது என்.சி.பி. வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டிவிடுங்கள். பெயர் மாற்றாமல் பழைய ஓனர் பாலிசியில் ஓட்டினால், சேதம் வரும்போது கைக்கு எதுவும் வராது. உரிமையாளர் இறந்து, கார் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வந்தால் மட்டும் போனஸும் கூடவே வரும்.

கடைசியாக, 90 நாள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த என்.சி.பி. மொத்தமும் காலி. ஆனால் இதை 90 நாள் அவகாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிந்த மறுநாளே காப்பீடு இல்லை. அன்று பிடிபட்டால் முதல்முறைக்கு ரூ. 2,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது. புதுப்பிக்கும்போது கம்பெனி காரை நேரில் பார்க்கவோ, சுற்றி வீடியோ எடுத்து அனுப்பவோ சொல்லும். ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிட்டால் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை.

சின்னதை நாமே ஏற்கிறோம் என்றால்

க்ளெய்ம் வந்தால் முதல் இவ்வளவு ரூபாயை நானே போட்டுக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்வது வாலன்டரி டிடக்டிபிள். ஓன் டேமேஜ் கட்டணம் 2007-க்குப் பிறகு கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டது என்றாலும், பழைய விதிகளில் இருந்த அளவுகளைத்தான் இன்னும் பலர் பின்பற்றுகிறார்கள்: ரூ. 2,500 ஏற்றால் 20% தள்ளுபடி, உச்சவரம்பு ரூ. 750. ரூ. 5,000-க்கு 25%, ரூ. 1,500 வரை. ரூ. 7,500-க்கு 30%, ரூ. 2,000 வரை. ரூ. 15,000-க்கு 35%, ரூ. 2,500 வரை.

சதவீதத்தைப் பார்த்து மயங்காமல் உச்சவரம்பைப் பாருங்கள். ஐயாயிரத்தை ஏற்றுக்கொண்டு வருடம் ஆயிரத்தைந்நூறு மிச்சம் பிடித்தால், மூன்றரை வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓடினால்தான் கணக்கு சரியாகும். பதினைந்தாயிரத்தை ஏற்று இரண்டாயிரத்தைந்நூறு வாங்குவது என் பார்வையில் நல்ல பேரம் இல்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி சின்ன சேதத்துக்கு எப்படியும் க்ளெய்ம் போடப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவருக்கு, 2,500 அல்லது 5,000 படி நன்றாகவே பொருந்தும். எப்படியும் கைக்காசுதான் போடப்போகிறோம், அதற்குத் தள்ளுபடியும் வரட்டுமே. லைசன்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்களும், தெருவில் வண்டி நிறுத்துபவர்களும் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

சில்லறைத் தள்ளுபடிகள்

புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் 2.5%, அதிகபட்சம் ரூ. 500. சென்னையில் இருக்கும் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் 5%, அதிகபட்சம் ரூ. 200. இதற்காகவே உறுப்பினராகச் சேர்வது லாபமில்லை, ஏற்கெனவே இருந்தால் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென மாற்றியமைக்கப்பட்ட காருக்கு ஓன் டேமேஜில் 50% சலுகை உண்டு. ஆர்.சி.யில் அந்த மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். இது சில்லறை இல்லை, ஆனால் கேட்டால்தான் கிடைக்கிறது.

இன்னொன்று, ஓனர்-டிரைவருக்கான ரூ. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு. இதைக் கட்டாயம் என்று எல்லா பாலிசியிலும் சேர்த்துவிடுவார்கள். உங்கள் பைக்குக்கோ இன்னொரு காருக்கோ ஏற்கெனவே இது இருந்தால், அல்லது குறைந்தது 15 லட்சத்துக்குத் தனியாக விபத்துக் காப்பீடு வைத்திருந்தால், அந்த விவரத்தைக் கொடுத்து இங்கே எடுத்துவிடச் சொல்லலாம். வீட்டில் மூன்று வண்டி, மூன்றும் ஒரே பெயரில் என்றால் மூன்று முறை கட்டத் தேவையில்லை. வேறு எதுவும் இல்லை என்றால் மட்டும் இதைக் கழற்றாதீர்கள்.

கார் பெரும்பாலும் ஷெட்டில்தான் தூங்குகிறது என்பவர்களுக்கு, ஓடும் தூரத்துக்கேற்ற பாலிசி இருக்கிறது. இதையும், ஓட்டும் விதத்தைப் பார்த்துக் கட்டணம் போடுவதையும், ஒருவரது பல வண்டிகளை ஒரே பாலிசியில் சேர்ப்பதையும் 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்தது. வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் ஒரு வரம்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஓன் டேமேஜ் அதற்கேற்பக் குறைகிறது. வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும், கூடுதல் கிலோமீட்டர் வாங்கும் வசதி உண்டா என்பதைப் படித்துவிட்டுச் சேருங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து தென்காசி போய் வந்தாலே இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டரை நெருங்கிவிடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

தள்ளுபடி மாதிரி தெரிபவை

ஐ.டி.வி. என்பது கார் திருடு போனாலோ முழுதாக அழிந்தாலோ கம்பெனி கொடுக்கும் தொகை. இதைக் குறைத்தால் பிரீமியமும் குறையும். ஆன்லைனில் விலையை ஒப்பிடும்போது ஒரு கம்பெனி மட்டும் சந்தேகத்துக்கிடமாக மலிவாக இருந்தால் முதலில் ஐ.டி.வி.யைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் வரை இதற்கு அட்டவணை இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் 5% கழிவு, ஒரு வருடத்துக்குள் 15%, இரண்டு வருடத்துக்குள் 20%, பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் வருடத்தில் 50%. அதற்குமேல் நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வது. எல்லா கொட்டேஷனிலும் ஒரே ஐ.டி.வி.யைப் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

ஆட்-ஆன்களில் உண்மையாகவே தேவையில்லாதவை உண்டு. சாவி தொலைந்தால் காப்பீடு, காருக்குள் இருக்கும் பொருளுக்குக் காப்பீடு, கார் கம்பெனி ஏற்கெனவே ரோடுசைடு உதவி கொடுத்திருக்கும்போது இன்னொன்று. இவற்றை எடுத்துவிடலாம். ஆனால் வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணீர் நிற்கும் பகுதியில் இருந்துகொண்டு இன்ஜின் புரொடெக்ட்டைக் கழற்றுவதைச் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் முழுகிய கார்கள் கொஞ்சமா? தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் அதை ஏற்க மாட்டார்கள். ஆட்-ஆன் இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் டோ பண்ணிக்கொண்டு போவதுதான் சரி.

பன்னிரண்டு, பதினைந்து வருடக் காருக்கு வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் எடுப்பது நியாயமான முடிவாக இருக்கலாம், திருட்டும் வெள்ளமும் உங்கள் பொறுப்பு என்று தெரிந்து எடுத்தால்.

இன்னொரு வகைக் குறைப்பு உண்டு, அது ஆபத்து. கம்பெனி மாறும்போது ஆன்லைன் படிவத்தில் "போன வருடம் க்ளெய்ம் உண்டா?" என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தட்டிவிடுவது. விலை உடனே இறங்கும். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும். அப்போது தப்பினாலும், க்ளெய்ம் வரும் நாளில் கட்டாயம் தோண்டுவார்கள். ஏஜென்ட் தட்டினாலும் கையெழுத்து உங்களுடையது.

ரின்யூவல் வாரத்தில்

புதுக் காருக்கு 2018 செப்டம்பர் முதல் மூன்று வருட தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் ஒரு வருடத்துக்குத்தான். எனவே இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஓன் டேமேஜை மட்டும் வேறு கம்பெனியில் எடுக்கலாம். ஷோரூமில் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் முதல் நாளிலும் கிடையாது. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்றால், அந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் கேரேஜ் (கம்பெனியே நேரடியாகப் பில் கட்டும் ஒர்க்ஷாப்) பட்டியலை இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே இரண்டு கொட்டேஷன் எடுத்துக் காட்டினால் ஷோரூம் விலையும் இறங்கிவருவதைப் பார்க்கலாம்.

ஒரே ஐ.டி.வி., ஒரே ஆட்-ஆன்கள், சரியான என்.சி.பி. இவற்றை வைத்து இரண்டு மூன்று கம்பெனிகளின் சொந்தத் தளத்தில் விலை பாருங்கள். பிறகு இப்போதிருக்கும் கம்பெனிக்கு போன் செய்து அந்த விலையைச் சொல்லுங்கள். வித்தியாசம் சில நூறுதான் என்றால், உங்கள் ஊரில் க்ளெய்மை ஒழுங்காக முடித்துத் தருபவர் யார் என்று ஒர்க்ஷாப்பில் விசாரித்து அவரிடமே இருங்கள்.

புது பாலிசி மெயிலில் வந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பெயர், பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் ஆகியவற்றை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். என்.சி.பி. சதவீதம், டிடக்டிபிள், லோன் இருந்தால் பேங்க் பெயர், கேட்ட ஆட்-ஆன்கள் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே மெயில் போட்டு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தம், கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியும் நடக்கவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். அதற்கும் அடுத்த படியாகச் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.